எட்டிப்பார், கத்து, தூங்கு

ஜனவரி 8

அன்பு மச்சானுக்கு அத்தான் எழுதுவது.

உன் அக்காவுக்கு முட்டிவலி, எனக்கு உன் அக்கா. மற்றபடி இங்கே இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா, இல்லை இன்னும் தலையணையை முட்டுக்கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறாயா?

"போன்ல பேசித் தொலைய வேண்டியதுதானே, ரெண்டு பேரும் என்ன காதல் கடிதமா எழுதிக்கிறீங்க?" என்று உன் அக்கா கேட்கிறாள். போனில் பேசினால் புரோகிராமை எப்படிக் காட்டுவது? நான் அச்செடுத்து அனுப்ப, நீ சிவப்பு மையில் வட்டம் போட்டு, தேதி போட்டு, திட்டித் திருத்தி அனுப்ப, ஆறு வருஷமாக இந்தத் தபால் பள்ளிக்கூடத்தில்தானே படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் ஒரு பம்ப் ஆபரேட்டர் புரோகிராம் எழுதுகிறான் என்றால் அது நீ செய்த புண்ணியம், அல்லது பாவம்.

நிலையத்தில் வழக்கம்போல வண்டி ஓடுகிறது. ஊர்ச் சாக்கடை முழுவதும் எங்கள் கிணற்றுக்கு வருகிறது, ஐம்பத்திரண்டு படி கீழே பம்புகள் அதைத் தூக்கி அடிக்கின்றன, நடுநடுவே யாராவது துணியைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள், என் துணையாள் நெட்டை இறங்கி எடுக்கிறான். அழுகிய முட்டை வாடை அடிக்கும் வரை பயமில்லை. வாடை நின்றுபோனால்தான் பயம், அந்த வாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும். அதனால் நம் ஆறு சென்சாரும்தான் எங்களுக்கு மூக்கு. "அண்ணனுக்குப் பிறந்தப்போ ஒண்ணு, மச்சான் கொடுத்தது ஆறு, மொத்தம் ஏழு மூக்கு" என்று நெட்டை போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறான். காற்று உருளையோடு ஒரே ஒரு முகமூடி இருக்கிறது. முதுகை ஒடிக்கும் கனம். எங்கள் திரை பச்சையாக இருந்தால் அதை யாரும் தொட மாட்டார்கள்.

நீ கல்லூரியில் விளையாட்டாக வைத்த பெயர்கள்தான் என்னை இதற்குள் இழுத்தன. எட்டிப்பார் என்றால் சென்சாரைப் பார்த்துவிட்டு வரும். கத்து என்றால் சைரன். தூங்கு என்றால் பத்து நொடி சும்மா இருக்கும். இதுகூடப் புரியாவிட்டால் நான் மனுஷனா? மழைக்காலத்தில் ஒரு சென்சாரில் ஈரம் ஏறினாலும் மொத்தப் புரோகிராமும் நின்றுவிடுகிறது என்று நான் புலம்பியபோது, "எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு அடுத்ததுக்குப் போ" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாயே, அந்த வரி வந்தபிறகு ஒருநாளும் நின்றதில்லை.

கணினிதான் கிழடாகிவிட்டது. தட்டினால்தான் எழுந்திருக்கிறது. பம்ப் பதிவேட்டில் எழுதுகிற பழக்கத்தில் இந்தக் கடிதத்துக்கும் கார்பன் வைத்திருக்கிறேன், "நீங்க அப்படி எழுதவே இல்லையே" என்று நீ பிறகு புளுக முடியாது.

வேளைக்குச் சாப்பிடு.

ஆறு மூக்கு அத்தான்

ஜனவரி 30

அன்பு அத்தானுக்கு,

அக்காவின் முட்டிக்கும் உங்கள் பொறுமைக்கும் என் வணக்கம். என் முதுகு நிமிர்ந்தால் வலிக்கிறது, குனிந்தால் வலிப்பதில்லை. என் மேலாளருக்கு இது ரொம்ப வசதியாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு சேதி. சிரிக்கவும் செய்யலாம், வருத்தப்படவும் செய்யலாம். லைப்ரரியில் பெயர்களை எல்லாம் மாற்றுகிறேன். நமக்குள் வைத்துக்கொண்டிருந்த அந்தக் கட்டளை மூட்டை இப்போது முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேரிடம் போய்விட்டது. மீன் பண்ணைக்காரன் பயன்படுத்துகிறான், கண்ணாடித் தொழிற்சாலைக்காரன் பயன்படுத்துகிறான். அவர்களுக்கு எட்டிப்பார் வாயில் நுழையவில்லை. ஒருவன் "இது உங்கள் மொழியில் கெட்ட வார்த்தையா?" என்றே கேட்டு எழுதிவிட்டான். இனி எட்டிப்பார் இல்லை, ரீட். கத்து இல்லை, அலார்ம். தூங்கு இல்லை, வெயிட்.

பழைய பெயரைச் சட்டென்று எடுத்தால் பழைய புரோகிராம்கள் எல்லாம் கவிழ்ந்துவிடும். அதனால் போன வருஷப் பதிப்பில் இரண்டு பெயர்களையும் வைத்திருந்தேன். பழைய பெயரில் கூப்பிட்டாலும் வேலை நடக்கும், கூடவே "இந்தப் பெயர் போகப்போகிறது, மாற்றிக்கொள்" என்று எச்சரிக்கையும் வரும். ஒரு முழு வருஷம் கொடுத்தாயிற்று. இன்னும் சிலர் கெஞ்சுகிறார்கள். எத்தனை நாள்தான் தோளில் தூக்கிச் சுமப்பது, சொல்லுங்கள்? பிப்ரவரி பத்தாம் தேதி வரும் பதிப்பில் பழைய பெயர்கள் கிடையாது.

உங்களிடம் இருப்பது இதற்கெல்லாம் முந்தைய பதிப்பு. அந்தக் கணினியை யாரும் தொடாதவரை உங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. யாராவது கைவைத்தால் எனக்கு உடனே எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

நெட்டையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். தலையைப் பார்த்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்

மார்ச் 4

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அக்காவின் முட்டிக்கு ஏதோ தைலம் வந்திருக்கிறது, வீடே மணக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

எட்டிப்பாரை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டாயே, பாவி! சரி, அந்தத் துக்கத்தை அப்புறம் பேசுவோம். இப்போது அவசரம். கணினியை யாராவது தொட்டால் எழுதச் சொன்னாயே, தொட்டுவிட்டார்கள். போன வாரம் கிழடு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து கணினிக்காரர் புதிது ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, எல்லாவற்றையும் புத்தம்புதுப் பதிப்பாக ஏற்றி, என் புரோகிராமை அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். திரை பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஆறு சென்சாரும் பூஜ்யம் காட்டுகின்றன. ஒருநாள் அல்ல, ஒரு வாரமாக. முன்பெல்லாம் மூன்று, நான்கு, வெயில் ஏறினால் ஏழு என்று ஆடிக்கொண்டே இருக்கும். சாக்கடைக் கிணற்றில் பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம், ஊர் ஜனம் எல்லாம் கக்கூஸ் போவதையே விட்டுவிட்டார்களா?

இரண்டாவது, கணினியின் விசிறி ஓயாமல் இரைகிறது. பத்து நொடிக்கு ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுத் தூங்குகிற புரோகிராமுக்கு இது எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது?

நீ சொன்ன பெயர் மாற்றம்தானோ என்று ஒரு நினைப்பு. ஆனால் பெயர் இல்லை என்றால் புரோகிராம் நின்றிருக்க வேண்டுமே, இது ஓடுகிறதே என்றும் தோன்றுகிறது. கணினிக்காரர் "ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்கிறார். பொறியாளரிடம் சொன்னேன். "ஜீரோன்னா நல்லதுதானய்யா" என்று போய்விட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. உன் பதில் வரும்வரை யாரும் முகமூடி இல்லாமல் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நெட்டை அந்த உருளையைத் தூக்கிக்கொண்டு ஐம்பத்திரண்டு படியும் என்னைத் திட்டிக்கொண்டே இறங்குகிறான். அச்சுத்தாளை இணைத்திருக்கிறேன். இந்தப் பூஜ்யத்தை நம்பலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ஆறு மூக்கு அத்தான்

ஏப்ரல் 10

அன்பு அத்தானுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதீர்கள். நலமா? அக்காவின் தைலம் வேலை செய்கிறதா?

மூச்சுவிட நேரமில்லாமல் போய்விட்டது. புதுப் பதிப்பு வெளியானதும் ஒரு கூட்டம் பாராட்ட, ஒரு கூட்டம் மண்ணை வாரித் தூற்ற, ஒரு மாதம் இரண்டுக்கும் பதில் எழுதியே விரல் தேய்ந்துவிட்டது. போன வாரம் ஒரு பெரிய மாநாட்டில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பதினைந்து வருஷக் குப்பையை எப்படிக் கூட்டிப் பெருக்கினேன் என்பதுதான் தலைப்பு. ஐந்நூறு பேர். கைதட்டல் ஓயவே இல்லை. அலுவலகத்திலும் இப்போது கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள். நீங்களும் அக்காவும் முன்வரிசையில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், சத்தியமாக.

உங்கள் புரோகிராம் கல்லு மாதிரி. நான் பார்த்து வளர்ந்த பிள்ளை. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் தைரியமாக இருங்கள். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மச்சான்

ஏப்ரல் 29

அன்பு மச்சானுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் இருமல். உன் அக்கா நலம்.

உன் கடிதம் 19ஆம் தேதி கிடைத்தது. மாநாட்டில் பேசியது பற்றி உன் அக்காவுக்குச் சந்தோஷம்.

22ஆம் தேதி மத்தியானம் நெட்டை தவறிவிட்டான். இரண்டாம் நம்பர் பம்ப் அடைத்துக்கொண்டது என்று இறங்கினான். வாயு. காரியங்கள் எல்லாம் முடிந்தன. அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

அத்தான்

மே 20

அன்பு அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருமுறைகூடப் பார்க்காத மனிதர்தான், ஆனாலும் உங்கள் கடிதங்கள் வழியாக அவர் சிரிப்பது எனக்குக் கேட்கும். ஆறு வருஷம் ஒரு வேலையைச் சேர்ந்து செய்த உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

எப்படி நடந்தது? சைரன் அடித்திருக்குமே? அடித்தும் அவரால் ஏற முடியவில்லையா? அவர் முகமூடி போட்டிருந்தார்தானே? இதையெல்லாம் கேட்பது தப்பென்றால் மன்னித்துவிடுங்கள். முடிந்தால் புதுக் கணினியில் ஓடும் புரோகிராமை ஒருமுறை அச்செடுத்து அனுப்புங்கள், பார்த்துவிடுகிறேன்.

இருமலுக்கு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லாமல் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

உங்கள் மச்சான்

ஜூன் 12

அன்பு மச்சானுக்கு,

நலம். உன் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நினைக்கிறேன்.

விசாரணை நடக்கிறது. அதனால் சைரன் பற்றி நான் எதுவும் எழுதக் கூடாது. நீயும் கேட்காதே.

அச்சுத்தாள் இனி அனுப்பமாட்டேன். அந்தக் கணினியை எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது வாசலில் ஒரு ஆளை நிறுத்திக் கையில் மணி கொடுத்திருக்கிறார்கள். கீழே இருப்பவன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் மேலே மணி.

உங்கள் ஊரில் குளிர் விட்டதா? கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வை.

அத்தான்

ஜூன் 30

டேய் தம்பி,

அக்கா எழுதுகிறேன். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை, அதை விசாரித்து ஒரு வரியை வீணாக்காதே.

உன் அத்தான் உன்னிடம் வாயைத் திறக்கமாட்டார். நான் சொல்கிறேன். சைரன் அடிக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து அது அடிக்கவே முடியாத நிலையில்தான் இருந்திருக்கிறது. விசாரணையில் தலைமை அலுவலகக் கணினிக்காரர் விலாவாரியாகச் சொன்னார். லைப்ரரியில் பழைய பெயர்களை எடுத்துவிட்டார்களாம். புரோகிராம் எட்டிப்பார் எட்டிப்பார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்திருக்கிறது, அந்தப் பதிலை நீ எழுதிக் கொடுத்த வரி விழுங்கிவிட்டிருக்கிறது, அளவே வராததால் திரை பூஜ்யத்தையே காட்டியிருக்கிறது. எச்சரிக்கை கொடுத்த பதிப்பு இந்த நிலையத்துக்கு வரவே இல்லை. கிழட்டுக் கணினியிலிருந்து நேராகப் புதுசுக்குத் தாவிவிட்டார்கள். தூங்கு என்ற பெயரும் போய்விட்டதால் அது ஒரு நொடிகூட ஓயாமல் சுற்றியிருக்கிறது, விசிறி அதனால்தான் அப்படிக் கத்தியதாம். எனக்கே புரிகிறதுடா. உனக்கு ஏன் புரியவில்லை?

இது உன் லைப்ரரி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. உன் அத்தானும் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் புரோகிராம் எழுதினான் என்று எல்லாப் பழியும் அவர் தலையில். ஆறு வருஷம் வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் திரையைக் காட்டிப் பீற்றிக்கொண்ட பொறியாளர், "எனக்கு எதுவும் தெரியாது" என்று கை கழுவிவிட்டார். "பூஜ்யத்தைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா?" என்று உன் அத்தானைக் கேட்டிருக்கிறார்கள். "வரவில்லை" என்றாராம்.

நேற்று அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். மார்ச் 4 கடிதத்தின் கார்பன் நகல் கிடைத்தது. அதோடு உன் ஏப்ரல் கடிதத்தையும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறார். இரண்டையும் நின்றபடியே படித்தேன். அவர் என்ன கேட்டிருக்கிறார், நீ என்ன எழுதியிருக்கிறாய்? கைதட்டல் ஓயவே இல்லையாமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கி வளர்த்த கையால் உன்னை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

கொஞ்சம் இருமல் என்று எழுதினாராமே. நெட்டையைத் தூக்க, முகமூடியை மாட்டக்கூடப் பொறுக்காமல் இறங்கி முப்பதாவது படியில் விழுந்தவரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். நுரையீரலில் பாதி இல்லை. வாசலிலிருந்து சமையலறை வரை நடக்க இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். நெட்டையின் மனைவி வந்தாள். "அண்ணே, திரையப் பாத்தீங்கதானே?" என்றாள். "பாத்தேன்மா" என்றார். "என்ன காட்டுச்சு?" "ஜீரோ." கொடுத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனாள்.

ஜூலை 24 கடைசி விசாரணை. கவனக்குறைவால் ஒரு உயிர் போனது என்று எழுதிவிட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும். அவர் சந்தேகப்பட்டார், தெரிந்தவனிடம் கேட்டார், முகமூடி போட வைத்தார், அந்தத் தெரிந்தவன் தைரியமாக இருங்கள் என்று எழுதினான். இதுதான் நடந்தது. கார்பன் நகலை இப்போது எழுதியது என்பார்கள். நீ எழுது. அந்தக் கடிதம் எனக்கு வந்தது என்று உன் கைப்பட எழுது. 24க்குள் வந்து சேர வேண்டும்.

அக்கா

ஜூலை 27

தம்பி,

நாங்கள் இருக்கிறோம்.

தபால்காரரைத் தினம் வாசலில் நின்று கேட்டேன். 24 காலைவரை உன் கடிதம் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாயோ என்றுகூடப் பயந்தேன். உன் அலுவலகத்துக்கு அடித்தேன். நல்லபடியாகத்தான் இருக்கிறாயாம், மீட்டிங்கில் இருக்கிறாயாம்.

விசாரணை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம், உன் ஏப்ரல் கடிதமும் கார்பன் நகலும் என் பையில் இருந்தன. எழுந்து உள்ளே போய் மேஜைமேல் போடப் போனேன். உன் அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "வேணாம். சின்னப் பையன். அவன் பொழப்பு போயிடும்" என்றார். உனக்கு முப்பத்தாறு வயது. இருமல் வந்தது, இருமி முடித்துவிட்டு உள்ளே போய், "என் தப்புதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் இருக்கிறது. இதைச் சொல்வது என் கடமை, சொல்லிவிட்டேன். இனி நான் உனக்கு எழுதமாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 10

அன்பு மச்சானுக்கு,

நன்றாக இருக்கிறாயா? எனக்கு இப்போது பரவாயில்லை. வேலை இல்லாததால் நிறையத் தூங்குகிறேன்.

உன் அக்கா ஏதேதோ எழுதியிருப்பாள். அவள் கோபம் உனக்குத் தெரியாததா? மனதில் வைத்துக்கொள்ளாதே. நடந்ததை ஒருமுறை உன்னிடம் சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் குறையும்.

உன் கடிதம் வந்த அன்று நெட்டையிடம் வாசித்துக் காட்டினேன். ஏழு வாரம் அந்த உருளையைத் தூக்கி அவன் தோள் கன்றிப்போயிருந்தது. கல்லு மாதிரி என்ற இடம் வந்ததும் அவனுக்குப் பிடிபடாத சந்தோஷம். மூன்றாம் நாள் இரண்டாம் நம்பர் அடைத்துக்கொண்டபோது, "அண்ணே, போடணுமா?" என்று கேட்டான். திரையைப் பார்த்தேன். பூஜ்யம். "வேணாம்டா, மச்சான்தான் சொல்லிட்டானே" என்றேன். "உங்க மச்சான் நல்லா இருக்கணும்ணே" என்று என் தோளில் தட்டிவிட்டு இறங்கினான். சொன்னது நான்தான், மச்சான். நீ இல்லை. அதனால்தான் கையெழுத்துப் போட்டேன்.

நீ அந்த மார்ச் கடிதத்தைப் படித்திருக்கமாட்டாய். எனக்குத் தெரியும். அத்தனை வேலைக்கு நடுவே என் வளவளக் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்திருப்பாய். கேள்வியை நான் முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும். தைலத்தில் ஆரம்பித்தது என் தப்பு. படிக்காத கடிதத்துக்கு யாரும் பொறுப்பாக முடியாது. அப்படியே நினைத்துக்கொண்டு உன் வேலையைப் பார். எங்கேயும் எதுவும் எழுதி அனுப்பாதே.

நேரத்துக்குத் தூங்கு. முதுகை நிமிர்த்தி உட்கார்.

அத்தான்

ஆகஸ்ட் 28

அன்பு அத்தானுக்கு,

உங்கள் மூச்சையும் அக்காவின் முட்டியையும் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

படித்தேன், அத்தான்.

மார்ச் 13 சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. வந்த கையோடு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூஜ்யம் என்ற இடத்தில் வட்டம் போட்டேன். விசிறி என்ற இடத்தில் இன்னொரு வட்டம். இரண்டையும் ஒரு கோடு போட்டுச் சேர்த்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை எனக்குப் புரிய. ஓரத்தில் "நம்பக் கூடாது, செவிடாகிவிட்டது" என்று எழுதினேன். வழக்கம்போலத் தேதியும் போட்டேன்.

அதை மடித்து உறையில் போட்டிருந்தால் நெட்டை இருந்திருப்பார்.

போடவில்லை. ஏனென்றால் உங்கள் புரோகிராம் ஒன்றோடு அது முடியவில்லை. பிழையை விழுங்குகிற அந்த வரியை எழுதிய ஒவ்வொருவரிடமும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும் என்று அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. சரிசெய்வதென்றால் பழைய பெயர்களைத் திரும்ப வைக்க வேண்டும், நான் செய்தது தப்பு என்று எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். மாநாட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. குப்பையைக் கூட்டிப் பெருக்கிய கதையைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முகமூடி போட்டுத்தானே இறங்குகிறார்கள், மாநாடு முடியட்டும் என்று கடிதத்தை விசைப்பலகைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மாநாடு முடிந்த பிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது. கைதட்டிய ஐந்நூறு பேரிடம் என்னவென்று சொல்வது? அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், அதற்குள் உங்களுக்கு ஏதாவது ஒரு வார்த்தை போட வேண்டும். கல்லு மாதிரி என்று எழுதினேன். உங்களுக்காக எழுதவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தையை நம்பி முகமூடியைக் கழற்றுவீர்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். நீங்கள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

மே மாதம் சைரன் அடித்ததா என்று கேட்டேனே, அது தெரியாமல் கேட்டதில்லை. அடித்தது என்று நீங்கள் சொல்லிவிடமாட்டீர்களா என்று கேட்டது. ஜூலையில் அக்காவின் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு தினமும் பார்த்தேன், போன் அடிக்கும்போதும் பார்த்தேன். எடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி, வேறென்ன சொல்ல?

உங்கள் கடைசிக் கடிதத்தில் நீங்கள் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தீர்கள். படித்திருக்கமாட்டாய் என்று. அதற்குள் நுழைந்து தப்பித்துவிடலாம் என்று நான்கு நாள் இருந்தேன். முடியவில்லை.

போன வாரம் எட்டிப்பார், கத்து, தூங்கு மூன்றையும் திரும்ப வைத்துவிட்டேன். நடந்ததை என் பெயர் போட்டு அறிவித்துவிட்டேன். பதினேழு இடங்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள், தங்களிடமும் மாதக்கணக்காகப் பூஜ்யம்தான் காட்டியதாம். ஒருவர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதாக எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய மார்ச் 4 கடிதம், என் சிவப்பு மையோடும் தேதியோடும், அப்படியே இருக்கிறது. அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு வக்கீலைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செப்டம்பர் 22 கடைசி நாள். கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்கிறேன், கூப்பிடாவிட்டாலும் வருகிறேன்.

அந்தக் கடிதத்தை இந்த உறையில் வைக்கவில்லை. உங்கள் கையில் கிடைத்தால் கிழித்துவிடுவீர்கள். அக்கா பெயருக்குத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.

மச்சான்